வீட்டு அலங்காரம் செய்து தருகிறோம் என்று படத்தைக் காட்டி 485,000 ரூபாவை வாங்கிக்கொண்டு போனார்கள். மலையக உறவுகளே, கவனம்!

இரவு பதினொரு மணி தாண்டிவிட்டது. வெளியே மழை விட்டபாடில்லை. அம்மா நான்காவது நாளாகப் பக்கத்து வீட்டு அக்காவோடு படுத்திருக்கிறார். சொந்த வீட்டில் படுக்கப் பயம். இன்று மத்தியானம் அந்த ஆட்கள் என் இலக்கத்தையும் தடுத்துவிட்டார்கள். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். நாளைக்கு என்று வைத்தால் கோபம் ஆறிவிடும், சரி போகட்டும் என்று நானும் விட்டுவிடுவேன். விடக்கூடாது.

485,000 ரூபா. என் அம்மா 33 வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்து, கடைசியில் கையில் வந்த சேமலாப நிதிப் பணத்திலிருந்து போனது.

பெயரை இங்கே போடவில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அதோடு, அவர்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், போட்டும் பயனில்லை. கடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் அலங்காரம் செய்து தருகிறோம் என்று இணையத்தில் படம் படமாகப் போடுகிற ஒரு பக்கம். இடது பக்கம் பழைய வீடு, வலது பக்கம் அதே வீடு புதுசாக. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் வீடு கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் இருக்கிறது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. லயத்துக் காம்பராவில் பிறந்து, அங்கேயே எங்களையும் வளர்த்த அம்மாவுக்குத் தனிக் கதவும் தனிக் குசினியும் கிடைத்தபோது ஒரு கிழமை தூங்கவேயில்லை, விளக்கைப் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அம்மா கொழுந்து நிறுக்கப் போகும் வழியில் துரை பங்களா இருக்கிறது. வேலிக்கு உள்ளே நீல ஹைட்ரேஞ்சியா வரிசை, ஒட்ட வெட்டிய புல், நடுவில் ஒரு கல் பெஞ்ச். 33 வருடம் கூடையோடு வேலிக்கு வெளியே நடந்து போயிருக்கிறார். ஓய்வு பெற்றதும் எங்களிடம் கேட்டது இதைத்தான். "வாசல்ல கொஞ்சம் புல்லு, நாலு பூச்செடி, உக்கார ஒரு கல்லு. மழையப் பாத்துக்கிட்டு தேத்தண்ணி குடிக்கணும்."

நானும் கத்தாரில் இருக்கும் தம்பியும் அதைப் பெரிதாகச் செய்து கொடுக்க நினைத்தோம். தைப்பொங்கல் முடிந்த கையோடு அந்தப் பக்கத்துக்குச் செய்தி அனுப்பியவள் நான்தான்.

மூன்றாம் நாள் ஒரு பையன் வந்தான். முப்பது வயது இருக்கும். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினான். கதிரை போட்டும் உட்காராமல் அம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தான். ரொட்டியும் சம்பலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "நானும் லயத்துல பொறந்தவன்தாம்மா. எங்க பாட்டி பொகவந்தலாவப் பக்கம் கொழுந்து எடுத்தவங்க" என்றான். அம்மா அதோடு அவனை "மகன்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் டேப்லெட்டை எடுத்து எங்கள் வீட்டை முன்னாலிருந்து ஒரு படம் பிடித்தான். அரைமணி நேரம் விரலால் என்னென்னவோ செய்தான். திருப்பிக் காட்டினான். எங்கள் வீடுதான். ஆனால் சுவரில் கல் பதித்து, வாசலில் பச்சைப் புல் விரித்து, ஓரமெல்லாம் இளஞ்சிவப்பு ஹைட்ரேஞ்சியா பூத்து நிற்கிறது. புல்லுக்கு நடுவில் கல் பெஞ்ச். அந்தப் பெஞ்சில் அம்மாவையே உட்கார வைத்திருந்தான், சற்று முன் எடுத்த படத்திலிருந்து வெட்டி ஒட்டி. அம்மா கண்ணாடித் திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது நம்ம வீடா மகன்?"

அந்த நேரத்தில் நான் விலை கேட்கும் நிலையில் இல்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களை ஏமாற்றியது அந்த ஒரு படம்தான்.

அம்மா ஒன்று மட்டும் கேட்டார். "இந்த மண்ணுல இந்தப் பூ நீலமாத்தானே பூக்கும் மகன்?" உண்மை. தேயிலை வளர்கிற மண் புளிப்பு மண், அதில் ஹைட்ரேஞ்சியா நீலமாகத்தான் பூக்கும். பூந்தோட்டம் போடுகிறவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்று சிரித்தான். எங்கள் மண்ணைப் பற்றி அவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மொத்தம் 620,000 ரூபா என்று எழுதிக் கொடுத்தான். உள்ளே பி.வி.சி. சீலிங், பென்ட்ரி அலுமாரி, சுவருக்கு ஒட்டும் ஷீட். வெளியே புல், இன்டர்லொக் கல் பாதை, பெஞ்ச், பின்னால் கல் சுவர். முதலில் 300,000 ரூபா வங்கியில் போட்டோம். கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, "எங்க கணக்கு பாக்கிற அக்கா" என்றான். பத்து நாளில், சாமான் விலை ஏறப் போகிறது, இப்போதே வாங்கி வைக்கலாம் என்று 125,000. பிறகு மண் வெட்டுகிற பெக்கோ மெஷினுக்கும் லொறிக்கும் என்று 60,000. மூன்று வங்கிச் சீட்டும் என்னிடம் இருக்கிறது. கூட்டினால் 485,000 ரூபா. மீதிக் காசை அவர்கள் கடைசிவரை கேட்கவேயில்லை. வேலை முடிந்தும் காசு கேட்காதவன் நல்லவன் என்று நான் தம்பியிடம் சொன்னேன். நினைத்தால் வயிறு எரிகிறது.

மார்ச் மாதம் வேலை நடந்தது. வெயில் காலம். ஒன்பதே நாள்.

இப்போது சொல்லப் போவதைத்தான் மலையில் வீடு உள்ளவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் மேடு. அந்த மேட்டின் அடியில் அப்பா வெட்டிய கான் ஒன்று இருந்தது. அப்பா தோட்டத்தில் கான் வெட்டுகிற வேலை செய்தவர். மலையில் விழும் மழைத் தண்ணீரைக் குறுக்கே மறித்து, ஓரமாகத் திருப்பி, ஓடையில் சேர்ப்பது அந்தக் கான்தான். நூற்றைம்பது வருடமாகத் தேயிலை மலைகளை மண் கரையாமல் வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. இந்த வீடு கிடைத்த முதல் கிழமையில், சுவருக்குச் சாயம் அடிக்கும் முன்பே, அப்பா அந்தக் கானை வெட்டினார். மேட்டில் மானாப்புல் நட்டார். அடுத்த வருடம் அப்பா போய்விட்டார்.

அந்த ஆட்கள் கானை மூடிவிட்டார்கள். படத்தில் கான் இல்லையாம், பார்க்க அசிங்கமாம். மானாப்புல்லைப் பிடுங்கி, மேட்டைப் பெக்கோவால் செங்குத்தாக வெட்டி, வந்த மண்ணைக் கானுக்குள் போட்டு மட்டம் தட்டினார்கள். வெட்டிய இடத்தில் நாலரை அடி உயரத்துக்கு ஒரு சுவர், மேலே கல் ஒட்டி அழகாக. அம்மா, "கான மூடாதீங்க மகன்" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். "உள்ளுக்கு பைப் போட்டிருக்கோம்மா" என்றார்களாம். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

பைப் எதுவும் போடவில்லை.

ஏப்ரல் மாதத்துப் பின்னேர மழைக்கே சுவரில் ஈரம் கசிந்தது. வாசலில் விரித்த புல் சாய்வுப் பக்கத்தில் பாய் மாதிரி வழுக்கிக் கீழே வந்தது. அடியில் வேர் பிடிக்கவேயில்லை, வெறும் கட்டாந்தரையில் விரித்திருக்கிறார்கள். போன் எடுத்தேன். "அக்கா, மழை விட்டதும் வந்து பாக்குறோம்." மழை விட்டது, வரவில்லை. திரும்ப எடுத்தேன். "இன்ஜினியர் வெளியூர் போயிருக்காரு." பிறகு, "கொழும்பு ஒபிசுல பேசுங்க." கொழும்பு இலக்கத்தை எடுத்தால் அதே பையனின் குரல், கொஞ்சம் கட்டையாக. நான் படங்கள் அனுப்பினேன். இரண்டு நீலக்கோடு விழும், பதில் வராது. கடைசியில் ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. "அது உங்க மண்ணோட பிரச்சினக்கா, எங்க வேலையில பிழையில்ல." என் அம்மாவின் ரொட்டியைத் தின்றவன் சொன்னது இது.

தென்மேல் பருவமழை தொடங்கியதும் சுவர் வயிறு தள்ளியது. போன வெள்ளிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு உடைந்தது. சேறும் கல்லும் குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. அம்மா அப்போது முன்னால் இஸ்தோப்புப் பக்கம் காம்பராவில் படுத்திருந்ததால் இன்றைக்கு என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவில் என்ன நடந்தது என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது பெரிய மலை, இது நாலரை அடிச் சுவர். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டபோது அம்மாவுக்கு அதுதான் ஞாபகம் வந்ததாம்.

தோட்டத்தில் முன்பு வேலை செய்த மேசன் மாமா வந்து பார்த்தார். உடைந்த இடத்தில் கையை விட்டுக் கிளறினார். "பின்னுக்கு ஒரு கூடை கல்லுகூட போடல்ல. செவுத்துல தண்ணி வடிய ஒரு ஓட்டைகூட இல்ல. மலைத்தண்ணி எங்கிட்டு போகும் புள்ள?" என்றார். இப்படிச் சுவர் கட்டினால் பின்னால் சல்லிக்கல் நிரப்ப வேண்டும், சில அடிக்கு ஒன்றாகத் துளைக்குழாய் வைக்க வேண்டும், அத்திவாரம் ஆழமாக இறங்க வேண்டும். இதில் ஒன்றுமே இல்லை. ஒரு கன மீற்றர் தண்ணீர் 1,000 கிலோ என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவள் நான். அந்தப் பாரம் முழுவதும் என் அம்மாவின் குசினிக்குப் பின்னால் தேங்கி நின்றிருக்கிறது.

வீட்டுக்குள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பென்ட்ரி அலுமாரி மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, எங்கள் பனிக்கும் ஈரத்துக்கும் இரண்டே மாதத்தில் ஊறி உப்பி, கதவு மூடவில்லை. சுவர் ஷீட்டை உரித்தால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். எல்லாவற்றையும் விட எனக்கு மனசு பொறுக்காதது, படத்தில் இல்லை என்று அம்மாவின் விறகடுப்பை உடைத்துவிட்டார்கள். கவ்வாத்து விறகு எரித்து, அந்த அடுப்படியில்தான் அம்மா குளிர் காய்வார்.

எப்படிச் செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, இவ்வளவுதான் முடிகிறது. தனி ஆளின் பெயரில் இருக்கும் கணக்கில் காசு போடாதீர்கள். முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். படத்தை நம்பாமல், அவர்கள் செய்த ஒரு வீட்டுக்கு நேரில் போய், மழை நாளில் போய்ப் பாருங்கள். மேட்டை வெட்டுவதாக இருந்தால் முதலில் பிரதேச சபையில் கேளுங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டுமா என்று. நாங்கள் கேட்கவில்லை. கானை மூட யாரையும் விடாதீர்கள், யார் சொன்னாலும். பில், ஒப்பந்தம், சீட்டு எல்லாம் எடுத்து வையுங்கள். நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977. நான் நாளைக் காலை எடுக்கிறேன்.

இன்னும் ஒன்று. அந்தப் பக்கம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. வேலை முடிந்த அன்று, புல் வாடுவதற்கு முன், அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தார்கள். அதையே முதல் விளம்பரமாகப் போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தை நீக்கச் சொல்லி எழுதினேன், அதற்குப் பிறகுதான் என்னைத் தடுத்தார்கள். நேற்றுவரை நூற்றுக்கு மேல் ஆட்கள் கீழே விலை கேட்டிருந்தார்கள். பச்சைச் சேலை, கையில் தேத்தண்ணிக் கோப்பை, பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருக்கும் படம் உங்கள் கண்ணில் பட்டால், அவர் என் அம்மா. அந்தப் பெஞ்ச் இப்போது சேற்றுக்குள் கிடக்கிறது. தயவுசெய்து அவர்களுக்குக் காசு போடாதீர்கள்.