ஃபேஸ்புக் நினைவுக் கணக்கு: பொறுப்பாளராக ஓராண்டு

என் தோழி இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு தன் ஃபேஸ்புக் கணக்கிற்கு என்னைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்திருந்தாள். அவள் மறைந்து, அந்தக் கணக்கு நினைவுக் கணக்காக மாறி ஓராண்டு ஆகிறது. துக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு இந்த வசதி எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்பதை அந்த அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன்.

‘லெகசி காண்டாக்ட்’ எனப்படும் இந்தப் பொறுப்பு 2015 பிப்ரவரியில் அறிமுகமானது. பதினெட்டு வயது நிறைந்தவர்கள் தமக்குப் பின் கணக்கைக் கவனிக்க ஒருவரை நியமிக்கலாம், அல்லது கணக்கையே நீக்கிவிடும்படி முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். இறப்புக்கான சான்றை அனுப்பிய பின் கணக்கு நினைவுக் கணக்காகிறது. அதன் பிறகு கடவுச்சொல் தெரிந்தாலும் யாரும் அதற்குள் நுழைய முடியாது. பிறந்தநாள் நினைவூட்டல்களும் நின்றுவிடுகின்றன. இறந்தவருக்கு வாழ்த்துச் சொல்லும்படி ஓர் இயந்திரம் நம்மைத் தூண்டும் கொடுமை எத்தகையது என்பதை அனுபவித்தவர்கள், அந்த மௌனத்தின் அருமையை உணர்வார்கள்.

பொறுப்பாளரின் அதிகாரம் மிகச் சிறியது. முகப்புப் படத்தை மாற்றலாம், பக்கத்தின் உச்சியில் ஒரு பதிவை நிறுத்தி வைக்கலாம், புதிதாக வரும் நட்பு அழைப்புகளுக்குப் பதில் சொல்லலாம். அந்த ஒரு பதிவை எழுத எனக்கு நான்கு நாட்கள் ஆயின. அவளுடைய பள்ளி ஆசிரியை ஒருவர் செய்தி தெரியாமல் நட்பு அழைப்பு அனுப்பியிருந்தார். அதை ஏற்பதற்கு முன் அவரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இருவரும் நெடுநேரம் அழுதோம். இந்த வசதி இல்லாவிட்டால் அவரை நான் அறிந்திருக்கவே மாட்டேன்.

ஆனால் அவளுடைய தனிச்செய்திகளைப் பொறுப்பாளராலும் படிக்க முடியாது. தொடக்கத்தில் அது என்னை வாட்டியது. கடைசி வாரங்களில் அவள் யாரிடம் மனம்விட்டுப் பேசினாள் என்று அறியத் துடித்த இரவுகள் உண்டு. பிறகுதான், அவளை நம்பித் தம் இரகசியங்களை எழுதியவர்களின் வார்த்தைகளும் அங்கே இருக்கின்றன என்பது உறைத்தது. இப்போது அந்தத் தடை சரியென்றே கருதுகிறேன்.

எனினும் எல்லா இழப்பும் ஒன்றல்ல. ஜெர்மனியில் 2012இல் ரயில் மோதி இறந்த 15 வயதுச் சிறுமியின் பெற்றோர், அது தற்கொலையா என்று அறிய மகளின் கணக்கைத் திறக்கக் கோரி ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் போலவே இதுவும் வாரிசுகளைச் சேரும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் தீர்ப்பளித்தது. குழந்தையை இழந்த பெற்றோருக்கும் என்னைப் போன்ற தோழிக்கும் ஒரே பூட்டைப் போடுவது இந்த ஏற்பாட்டின் பெருங்குறை.

வேறு குறைகளும் உண்டு. ஒருவரை மட்டுமே நியமிக்க முடியும். நினைவுக் கணக்காக மாறிய பின் புதிதாக யாரையும் பொறுப்பாளராகச் சேர்க்க இயலாது. பழைய பதிவுகளை மீண்டும் காட்டும் ‘நினைவுகள்’ பகுதியில் ஒருவரைத் தோன்றாமல் மறைக்கும் வழி இருப்பது நல்லது. அவள் தம்பி அதைப் பயன்படுத்துகிறான், நான் பயன்படுத்தவில்லை. துக்கம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதை இந்த ஒரு தெரிவாவது மதிக்கிறது.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. பொறுப்பாளரின் பெயரைக் கேட்கும் ஃபேஸ்புக் பக்கம், இறப்பவரின் விருப்பத்தைக் கேட்பதில்லை. எந்தப் படம் இருக்க வேண்டும், எதை எழுத வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால்தான் என் கணக்கிற்கு அவள் தம்பியைத் தேர்ந்தெடுத்த அன்றே, அவனை எதிரில் உட்காரவைத்து என் விருப்பங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் அவற்றைத் தாளில் எழுதிக்கொண்டான்.