ஸ்டேட்டஸா, டைம்ஸ்டாம்பா? கொழுந்துக் கணக்குக்கு எது தோது

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தேயிலை ஃபேக்டரிகளுக்கு வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர்களிடம் இந்த வழக்கு ஓய்வதே இல்லை. மடுவத்தில் (தோட்டத்து எடைக் கொட்டகை) எடை நிறுத்த கொழுந்து ஃபேக்டரிக்கு வந்து, வாடி, அரைபட்டு, காய்ந்து, கொழும்பு ஏலத்துக்குப் போகும் வரை ஒரு லாட் (தொகுதி) எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை அட்டவணையில் எப்படி எழுதி வைப்பது?

'வாட்டியாச்சா', 'அரைச்சாச்சா', 'அனுப்பியாச்சா' என்று ஆம்-இல்லை நிரல்கள் போடுவது ஒரு வழி. மூன்று நிரலுக்கு எட்டுச் சேர்க்கை வரும், அதில் பாதிக்கு அர்த்தமே இருக்காது. எப்போது என்று கேட்டால் பதிலும் கிடையாது. இதை விட்டுவிடலாம்.

ஸ்டேட்டஸ் என்ற ஒற்றை நிரல் பார்க்கச் சுத்தமானது. ஒரு லாட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரே நிலைதான். திரையில் காட்டவும் வடிகட்டவும் சுலபம். ஆனால் புதிய நிலை பழையதன் மேலேயே எழுதப்படுகிறது. 'கடைசியாக மாற்றிய நேரத்தைப் பதியும் அப்டேட்டட்_அட் இருக்கிறதே' என்பார்கள். யாராவது எடையில் ஒரு கிலோவைத் திருத்தினாலும் அந்த நேரம் மாறிவிடும், அதை நம்பி எதையும் சொல்ல முடியாது.

அடுத்தது டைம்ஸ்டாம்ப், அதாவது நடந்த நேரத்தையே எழுதி வைக்கும் நிரல். 'வாட்டி முடித்த நேரம்' காலியாக இருந்தால் இன்னும் நடக்கவில்லை; நேரம் இருந்தால் நடந்துவிட்டது, எப்போது என்பதும் அங்கேயே இருக்கிறது. வெப் அப்ளிகேஷன் எழுதப் பயன்படும் லாராவெல் தன் யூசர் அட்டவணையில் ஈமெயில்_வெரிஃபைட்_அட் (ஈமெயில் சரிபார்த்த நேரம்) என்று வைத்திருப்பதும் இதே முறைதான். கொழுந்து வாட 12 முதல் 18 மணி நேரம் வரை பிடிக்கும். எடை நிறுத்த நேரம், வாட்டி முடித்த நேரம் என்ற இரண்டு நிரலைக் கழித்தால் எந்த லாட் அதற்கு மேலும் கிடந்தது என்று டீமேக்கர் (ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைப் பார்ப்பவர்) பார்த்துக்கொள்வார். அதற்காகவே என் ஓட்டு இதற்கு.

சிக்கல் இல்லாமலும் இல்லை. ஃபேக்டரி ராத்திரியில் ஓடும், சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) எழுதும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஒன்றாந் தேதி விடியற்காலை 2 மணிக்கு அரைத்த லாட், யூடிசியில் முந்தின மாதத்தின் கடைசி நாள் 20:30க்குப் பதிவாகும். அப்படியே தேதி வாரியாகக் கூட்டினால் அது போன மாதக் கணக்கில் போய் உட்காரும். கோடில் ஐந்தரை மணியைக் கையால் கூட்டுவதும் சரியல்ல. 2006 ஏப்ரல் நடுவில் மாற்றும் வரை இங்கே ஆறு மணி வித்தியாசம் இருந்தது. பழைய பதிவுகளை ஏற்றினால் அரை மணி இடிக்கும். ஏசியா/கொழும்பு என்ற நேர மண்டலப் பெயரைக் கொடுத்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், மடுவத்தில் சிக்னல் இருக்காது. கணக்கப்பிள்ளை காலையில் நிறுத்ததைச் சாயங்காலம்தான் போனில் ஏற்றுவார். சர்வர் போடும் நேரத்தை நிறுத்த நேரம் என்று எடுத்தால் வாட்டல் கணக்கே பொய். நடந்த நேரத்தை ஆள் கொடுக்க வேண்டும். பதிந்த நேரம் கிரியேட்டட்_அட்டில் தனியாக இருக்கட்டும்.

போனது திரும்பி வந்தால்தான் டைம்ஸ்டாம்ப் திணறும். கொழும்பிலிருந்து சரக்கு திரும்பினால் 'அனுப்பிய நேரம்' காலியாக்கப்படும், முதல் தடவை போனதற்குத் தடயமே இருக்காது. யார் அனுப்பினார் என்பதும் அந்த நிரலில் இல்லை. சம்பளம், முற்பணம் மாதிரி காசு சம்பந்தப்பட்ட இடங்களில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நிரை சேர்க்கும் வரலாற்று அட்டவணையே நல்லது. வேலை கூடும்தான், ஆனால் செக்ரோலில் (பேர்ப் பதிவேடு) அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) எப்படி விழுந்தது என்று ஒருவர் வந்து கேட்டால் காட்ட ஏதாவது வேண்டாமா?

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் டைம்ஸ்டாம்ப் என்ற தரவு வகை 2038 ஜனவரி 19க்கு மேல் போகாது. தோட்டக் கம்பெனிகளின் குத்தகை 2045 வரை ஓடுகிறது; அந்த முடிவுத் தேதிக்கு டேட்டைம் வகைதான்.

பதிவை அழிக்காமல், நீக்கிய நேரத்தை மட்டும் குறிக்கும் டெலீட்டட்_அட் வைக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தொழிலாளியின் ஆள் நம்பரையும் டெலீட்டட்_அட்டையும் சேர்த்து யூனிக் (ஒரே மதிப்பு இரண்டு தடவை வரக்கூடாது என்ற விதி) போட்டால் இரட்டைப் பதிவு வராது என்று நினைப்பார்கள். வரும். காலி மதிப்புகளை டேட்டாபேஸ் வழக்கமாக ஒன்றுக்கொன்று வேறாகவே எடுத்துக்கொள்வதால், நீக்கப்படாத இரண்டு பேர் ஒரே நம்பரில் நுழைந்துவிடுவார்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் நீக்கப்படாத நிரைகளுக்கு மட்டும் யூனிக் இண்டெக்ஸ் போடலாம். மைஎஸ்கியூஎல்லில் அந்த வசதி இல்லை. ஆள் இருந்தால் 1, நீக்கியிருந்தால் காலி என்று தானே கணக்கிடும் நிரல் ஒன்றைச் சேர்த்து, நம்பரோடு அதற்கு யூனிக் போட வேண்டும்.