ஊட்டிக்குக் கிளம்பும் முன் காப்பாற்றிய ஒர்க்ஷாப்

மே மாதம் ஊட்டி போக இ-பாஸ்கூட எடுத்தாகிவிட்டது, கேம்பர் வேனுக்கு (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வேன்) ஆயில் மாற்றினால் போதும் என்றுதான் சென்னை பாடியில் இருக்கும் இந்த ஒர்க்ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்து 1418 என்ற எண்ணைக் காட்டினார். அதாவது 2018-ல் 14-வது வாரம் செய்த டயர். பட்டன், அதாவது ரோட்டில் படும் பகுதியின் வரிகள், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஓரமெல்லாம் முடி போல வெடிப்பு. அப்புறம் ரேடியேட்டர் ஹோஸை என்னையே அழுத்திப் பார்க்கச் சொன்னார். கிளாம்ப் பக்கம் பஞ்சு மாதிரி அமுங்கியது, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிந்து பச்சையாகக் காய்ந்திருந்தது. குன்னூர் ஏற்றத்தில் அது வெடித்திருந்தால் குழந்தைகளோடு நடுரோட்டில் நின்றிருப்போம். போன மாதம் வேறொரு இடத்தில் சர்வீஸ் செய்தபோது ஒருவரும் இதைச் சொல்லவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஃப்ரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் உள்ள இரண்டாவது பேட்டரியையும் முழுசாக சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு சும்மா விட்டு அளந்தார்கள்: 11.8 வோல்ட். நல்ல பேட்டரி 12.6-க்குக் குறையக்கூடாதாம். சரி, அதையும் மாற்றியாயிற்று.

ஹோஸ் புதுப்பேட்டையிலிருந்து வர இரண்டு நாள் கூடுதலாக ஆனது, அது ஒன்றுதான் குறை. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்காமலே பையில் போட்டுக் கொடுத்தார்கள். ஏப்ரல் முதல் வாரமே வண்டியை விட்டுவிடுங்கள், பிறகு இடம் கிடைக்காது.