தேக்கு செதுக்கும் லினக்ஸ்: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டது

காரைக்குடியில் எங்கள் பட்டறைக்கு வருவதில் பெரும்பாலும் பழைய செட்டிநாட்டு வாசல் நிலைகளைப் பார்த்துப் புதிதாகச் செய்கிற வேலைதான். கஜலட்சுமி, அன்னம், கொடி எல்லாம் முதலில் சிஎன்சி ரவுட்டரில், அதாவது கணினி ஓட்டும் செதுக்கு இயந்திரத்தில், வெட்டப்படும். கண்ணும் மூக்கும் ஆசாரியின் உளிக்கு. ரவுட்டரை ஓட்டுவது ஓர் ஆபீஸில் கழித்துப் போட்ட டெஸ்க்டாப். அதில் டெபியன் என்ற லினக்ஸ், அதன்மேல் இயந்திரத்தை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருள். சில வருடங்களாக இதுதான் ஓடுகிறது.

ரவுட்டரை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார், ஒவ்வொரு மின்துடிப்புக்கும் (பல்ஸ்) ஒரு சிறு படி (ஸ்டெப்) திரும்பும். அதற்குக் கணினியின் வேகம் பெரிதில்லை, நேரம் தவறக் கூடாது. பழைய பிரிண்டர் சொருகும் பேரலல் போர்ட் வழியே பல்ஸ் அனுப்பினால் சில பத்து மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை அது வந்து நிற்க வேண்டும். ஒரே ஒரு முறை பெரிதாகப் பிந்தினாலும் மோட்டார் ஸ்டெப் தவறும். அப்புறம் வெட்டுவதெல்லாம் தள்ளித்தான் விழும். அன்னத்தின் கழுத்து கோணும். "மெதுவாப் போனாலும் பரவாயில்லை தம்பி, தடம் மாறக் கூடாது" என்பார் ஆசாரி. நிகழ்நேரம் (ரியல் டைம்) என்றால் அவ்வளவுதான்.

லினக்ஸின் மையமான கெர்னலை இதற்குத் தயார் செய்யும் பிரீஎம்ப்ட் ஆர்டி ஏறத்தாழ 20 வருடம் தனிப் பேட்சாகவே இருந்துவிட்டு, 2024இல் 6.12 பதிப்போடு மூல கெர்னலில் சேர்ந்தது. நல்ல விஷயம். ஆனால் கெர்னலை மாற்றினால் போதும் என்பவர்களை நம்பாதீர்கள். பாதி வேலை பயாஸில், அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளில், இருக்கிறது. எஸ்எம்ஐ என்ற குறுக்கீடு வந்தால் பயாஸ் கெர்னலுக்குத் தெரியாமலே பிராசசரைப் பிடுங்கிக்கொள்ளும். எந்த கெர்னலாலும் அதைத் தடுக்க முடியாது. எங்கள் பெட்டியில் பயாஸ் அமைப்புகளான யூஎஸ்பி லெகசி, சி-ஸ்டேட், ஹைப்பர்திரெடிங் மூன்றையும் அணைத்து, பிராசசரின் ஒரு கோரை (core) ஐசால்சிபியூஸ் என்ற கெர்னல் அமைப்பைப் போட்டு ஒதுக்கிய பிறகுதான், எவ்வளவு பிந்துகிறது என்று அளக்கும் லேட்டன்சி டெஸ்ட் அடங்கியது. அந்த டெஸ்டையும் சும்மா ஓடவிட்டுப் பார்த்துப் பயனில்லை. ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் என்ற கிராஃபிக்ஸ் டெமோவைத் திறந்து, பெரிய ஃபைலைக் காப்பி பண்ணிக்கொண்டே பார்க்க வேண்டும். சராசரியை விடுங்கள், அதிகபட்சத்தைப் பாருங்கள். 20 மைக்ரோசெகண்டுக்குள் என்றால் அருமை. 50 வரை ஓட்டலாம், வேகம் குறையும். 100 தாண்டினால் பேரலல் போர்ட்டை மறந்துவிடலாம்.

பிறகு ஈதர்நெட்டில் இணையும் மேசா கார்டுக்கு மாறினோம். பல்ஸை அதுவே உண்டாக்கும். கணினி 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பேசினால் போதும். கார்டின் விலை கணினியின் விலையைத் தாண்டியது, ஆனாலும் மதிப்புத்தான்.

குறை என்றால், கெர்னல் அப்டேட்டைப் பூட்டியே வைக்க வேண்டும், அந்தப் பெட்டியில் யூடியூப் கிடையாது. லேப்டாப் வேண்டவே வேண்டாம். பழைய பெட்டி வாங்கப் போனால் இன்ஸ்டால் பண்ணாமலே ஓடும் லினக்ஸ் (லைவ் ஐஎஸ்ஓ) போட்ட பென்டிரைவோடு போய், கடையிலேயே டெஸ்டை ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.