மூட்டு வலிக்கு 38,500 ரூபாய் 'பேக்கேஜ்': யாரும் ஏமாந்துவிடாதீர்கள்

நேற்று சாயங்காலம் வரைக்கும் போன் அடித்துக்கொண்டிருந்தேன். இன்று காலையிலிருந்து என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த 38,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, முகம் வீங்கின நிலையில் அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். புகார் கொடுத்திருப்பதால் அந்த மையத்தின் பெயரைப் போடவில்லை. கல்யாண மண்டபத்தில் இலவச மூட்டு வலி முகாம் நடத்தி, அங்கே வருகிறவர்களைத் தங்கள் சிகிச்சை மையத்துக்கு வரவழைக்கிற ஆட்கள். எல்லா ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறது. ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பார்கள்.

அம்மாவுக்கு 62 வயது. வாழ்நாள் முழுக்கத் தையல் மிஷின் மிதித்தவர். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, படி இறங்கும்போது முட்டியில் குத்தும். காலையில் எழுந்ததும் கால் இறுகியிருக்கும், கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும். ஏற்கெனவே காட்டின இரண்டு இடங்களிலும் நாற்காலியை விட்டு எழாமலேயே மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த முகாமில் அந்த 'டாக்டர்' என்ன செய்தார் தெரியுமா? தரையில் உட்கார்ந்தார். அம்மாவின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முட்டியை நீவி, "எந்தப் படி ஏறும்போதும்மா வலிக்குது? ராத்திரி தூக்கம் வருதா? எங்க அம்மாவுக்கும் இதே கஷ்டம்தான்" என்று நிதானமாகக் கேட்டார். அம்மா அழுதுவிட்டார். வருஷக்கணக்கில் அந்தக் காலை ஒரு வைத்தியரும் தொட்டதில்லை. அந்த நிமிஷத்திலேயே அம்மா நம்பிவிட்டார். பக்கத்தில் நின்ற நானும் நம்பினேன். அப்படி நம்பவைப்பதுதான் அவர்கள் தொழிலே என்று இப்போது தெரிகிறது.

அடுத்த நாள் மையத்துக்கு வரச் சொன்னார்கள். படுக்க வைத்து ஓர் எக்ஸ்ரே. "ஜவ்வு சுத்தமா தேஞ்சுபோச்சு. இப்படியே விட்டா ஆபரேஷன்தான், அஞ்சு லட்சம் ஆகும், அதுக்கப்புறமும் நடக்க முடியுமான்னு சொல்ல முடியாது" என்று பயமுறுத்தினார்கள். அப்புறம் மூன்று மாதப் பேக்கேஜ்: கேப்சூல், பொடி, தைலம், முட்டிக்குக் காந்த பெல்ட், வாரம் ஒரு முறை சிவப்பு விளக்கு வெளிச்சம். ஜவ்வு திரும்ப வளரும் என்று உறுதி சொன்னார்கள். 38,500 ரூபாய். 20,000 ஜிபேயில் போனது, மீதி ரொக்கம். பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று எழுதின துண்டுச் சீட்டு தந்தார்கள்.

வரிசையில் ஒரு பையன் இருந்தான். கபடியில் முட்டி திருகி, நடக்கும்போது கால் நழுவுகிறது என்றான். அது தசைநார் கிழிந்ததற்கான அடையாளமாக இருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். இன்னொருவருக்கு இரண்டு கை விரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கியிருந்தன. அது முடக்குவாதமாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனையும் தனி மருந்தும் வேண்டும், தாமதித்தால் மூட்டே உருக்குலையும். திடீரென்று ராத்திரியில் சிவந்து வீங்கினால் யூரிக் ஆசிட் படிகிற வாதமாக இருக்கலாம். இவை எல்லாம் வேறு வேறு நோய். அங்கே வந்த அத்தனை பேருக்கும் ஒரே பதில்: ஜவ்வு தேய்மானம். ஒரே பொடி.

பொடி சாப்பிட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே வலி மாயமாகிவிட்டது. அம்மா தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். அப்புறம் முகம் உப்ப ஆரம்பித்தது. கட்டுக்குள் இருந்த சர்க்கரை 290-க்குப் போனது. மையத்துக்குப் போன் செய்தால், "உடம்புல இருக்கிற கெட்ட நீர் வெளியேறுது மேடம், நல்ல அறிகுறிதான்" என்றார் ரிசப்ஷன் பெண். மறுபடி கேட்டபோது டாக்டர் கேம்ப்பில் இருக்கிறார். அதற்கடுத்து, "புளி சேர்த்தாங்களா? பத்தியம் இருந்தா இப்படி ஆகாதே" என்று பழியை அம்மா தலையில் போட்டார்கள். நேரில் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மேனேஜர் என்று ஒருவர் வந்தார். பேக்கேஜ் பணம் திரும்ப வராதாம், ஆனால் 60,000 கட்டினால் ஸ்டெம் செல் ஊசி போட்டு ஒரேயடியாகச் சரிசெய்து தருவார்களாம்! 38,500 ரூபாயைப் பறிகொடுத்தவர்களிடமே இன்னொரு 60,000 கேட்கிற துணிச்சலை என்ன சொல்வது?

அரசு மருத்துவமனை எலும்பு மருத்துவர் முகத்தைப் பார்த்ததுமே பொடியைக் கொண்டுவரச் சொன்னார். பொட்டலத்தில் லேபிளே இல்லை. ஸ்டீராய்டு, அதாவது வலியைச் சட்டென்று அடக்கி, முகத்தை உப்பவைத்து, சர்க்கரையையும் ஏற்றுகிற மருந்து, கலந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறார். அதைச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்தாம், மயங்கி விழ வாய்ப்பு உண்டு. அதனால் அளவு குறைத்துக் குறைத்து நிறுத்த மாத்திரை கொடுத்திருக்கிறார். நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். உடம்பு எடை முட்டியில் இறங்கும்போதுதான் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியுமாம். அம்மாவுக்கு இருப்பது இரண்டாம் நிலைத் தேய்மானம். ஆபரேஷன் பேச்சே இப்போது இல்லை.

தேய்ந்த ஜவ்வை வளரவைக்கிற மாத்திரையோ தைலமோ இதுவரை கிடையாது என்று தெளிவாகச் சொன்னார். பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தது காசில்லாத வேலை: நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிச் சில விநாடி பிடித்து இறக்குவது. தொடைத் தசை பலமானால் முட்டிக்குப் பாரம் குறையும். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறதாம். தரையில் உட்காராமல் இருப்பது, வலி கூடும்போது டைக்ளோஃபெனாக் ஜெல் தடவுவது, இவ்வளவுதான். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசிகூட சில வாரங்களுக்குத்தான் தாங்கும். தூங்க முடியாமல், நடக்க முடியாமல் போனால்தான் மூட்டு மாற்று. அதையும் அரசு மருத்துவமனைகளில் முதலமைச்சர் காப்பீட்டில் செய்கிறார்கள். அஞ்சு லட்சம் என்று மிரட்டினார்களே, அம்மா அந்தப் பயத்தில்தான் 38,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

உங்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக:

லேபிளில் உட்பொருள், லைசென்ஸ் எண், பேட்ச், காலாவதி தேதி இல்லாத பொடியை வாயில் வைக்காதீர்கள். சித்தா, ஆயுர்வேத மருந்துக்கும் இவை சட்டப்படி இருக்க வேண்டும். தரமான சித்த மருத்துவர்கள் இப்படிப் பொட்டலம் கட்டித் தர மாட்டார்கள்.

முட்டி சூடாக வீங்கி காய்ச்சலும் இருந்தால் எந்த முகாமுக்கும் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம்.

முழுப் பணத்தையும் முன்கூட்டி வாங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லாமல் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915-க்கு அழைத்து நுகர்வோர் புகார் பதியுங்கள். மீதிப் பொடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள், பரிசோதனைக்குக் கேட்பார்கள்.