ஜப்பானின் ஆங்கில ஆசிரியர்கள்: எந்தப் பயிற்சி ஒட்டும்?

ஆங்கில வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பெயர்த்து, ஜப்பானிய வரிசைக்கு மாற்றி அடுக்கினால் பாடம் முடிந்தது. இதற்கு ஜப்பானில் யாகுடோகு என்று பெயர். இப்படிப் படித்தவர்களே ஆசிரியர்களாகவும் ஆனார்கள். இவர்களிடம்தான் ‘இனி வகுப்பைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடத்துங்கள்’ என்றது 2013-இல் உயர்நிலைப் பள்ளிகளில் அமலுக்கு வந்த பாடத்திட்டம். சரி, பயிற்சி?

வெளிநாட்டுக்கு அனுப்புவது ஒரு வழி. போய்வந்தவரின் பேச்சில் சரளம் கூடும். ஆனால் எத்தனை பேரை அனுப்ப முடியும்?

இன்னொன்று அடுக்குமுறை. 2014 முதல் 2018 வரை, மாகாணங்கள் தேர்ந்தெடுத்த ஆசிரியர்களுக்கு பிரிட்டிஷ் கவுன்சில் பயிற்சி தந்தது. அவர்கள் ஊர் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். செலவு குறைவு, பரப்பு பெரிது. ஆனால் மேலே பாலாக இருப்பது கடைசிப் பள்ளிக்கு வரும்போது நீர்மோராகிவிடுகிறது. விளையாட்டுகளும் அட்டைகளும் வந்து சேரும், அவை எதற்கு என்பது வராது.

1987-இல் 848 பேருடன் தொடங்கிய ஜெட் திட்டம், பயிற்சி என்ற பெயரில் வந்ததல்ல. வெளிநாட்டு இளைஞர் துணை ஆசிரியராக வந்து, ஜப்பானிய ஆசிரியருடன் சேர்ந்து பாடம் நடத்துவார். பாடம் திட்டமிடுவதற்காவது ஜப்பானிய ஆசிரியர் அந்த இளைஞரிடம் ஆங்கிலத்தில் பேசியாக வேண்டும். என்னைக் கேட்டால், அந்தப் பேச்சே பாதிப் பயிற்சி. குறை என்னவென்றால், வருபவருக்குப் பட்டம் போதும், கற்பித்த அனுபவம் கட்டாயமில்லை. வாசித்துக் காட்டும் டேப் ரெக்கார்டராக மட்டும் அவரை நிறுத்திவைத்த வகுப்புகளும் உண்டு.

என் ஓட்டு ஜுக்யோ கென்க்யூவுக்கு. மெய்ஜி காலத்திலிருந்து (1868–1912) வரும் பழக்கம் இது. ஒருவர் பாடம் நடத்துவார், சக ஆசிரியர்கள் பின்னால் நின்று குறிப்பெடுப்பார்கள், பள்ளி முடிந்ததும் உட்கார்ந்து அலசுவார்கள். அதே பாடநூல், அதே பிள்ளைகள். ‘எங்கள் வகுப்பில் இதெல்லாம் நடக்காது’ என்ற சாக்குக்கு இடமே இல்லை. ஆனால் சுற்றி நிற்பவர் எல்லோரும் யாகுடோகுக்காரர்களாக இருந்தால், அவர்கள் யாகுடோகுவைத்தான் பட்டை தீட்டுவார்கள். அதனால் அந்த அலசலில் ஜெட் துணை ஆசிரியரையும் உட்காரவைக்க வேண்டும். அப்புறம் நேரம்: டாலிஸ் என்ற பன்னாட்டு ஆசிரியர் ஆய்வில், 2018-இல், ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியரின் வார வேலை 56 மணி நேரம், கலந்துகொண்ட நாடுகளிலேயே அதிகம். மாலையில் விளையாட்டுக் குழுவைப் பார்த்துக்கொள்பவர் எப்போது உட்கார்ந்து அலசுவார்?

இந்த நான்கையும் மடக்கிப்போடுவது நுழைவுத் தேர்வு. பல்கலைக்கழக நுழைவுக்குப் பேச்சுத் திறனையும் தனியார் தேர்வுகள் வழியாகச் சோதிக்கும் திட்டம் 2019-இல் தள்ளிப்போடப்பட்டது, 2021-இல் கைவிடப்பட்டது. டோக்கியோவோ 2022 நவம்பரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேச்சுத் தேர்வு நடத்தி, அந்த மதிப்பெண்ணை அரசு உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் சேர்த்தது. எதிர்ப்பு பலமாகத்தான் இருந்தது. ஆனால் ‘பேச்சைப் பரீட்சையில் கேட்கமாட்டார்களே’ என்று அங்குள்ள நடுநிலைப் பள்ளி ஆசிரியர் இனி சொல்ல முடியாது.