நெல் லாரியைத் தாங்கும் தரை: பேவர் பிளாக் இரண்டு முறை போட்ட அனுபவம்

அம்பாசமுத்திரத்துக்கு அருகே உள்ள எங்கள் அரிசி ஆலையின் முற்றத்தில், நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டு முறை பேவர் பிளாக் போட வேண்டியதாயிற்று. முதலில் போட்ட ஒப்பந்தக்காரரின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் கொடுத்த கல்லைக் குறை சொல்லவும் வழியில்லை. ஒரு கல்கூட உடையவில்லை.

அவர் வயல் மண்ணின் மேல் அரை அடி கிராவல் கொட்டி, அதன்மேல் மணல் பரப்பி, 60 மில்லிமீட்டர் கனக் கல்லைப் பதித்திருந்தார். வீட்டு வாசலில் வண்டி நிறுத்துவதற்கு இது தாராளம். கார்ப் பருவ நெல் வரத் தொடங்கி ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டபோது, லாரி குடோனை நோக்கித் திரும்பிப் பின்னால் வரும் இடத்தில் இரண்டு தடங்கள் விழுந்தன. "அண்ணாச்சி, பின்சக்கரம் இறங்குது, பாத்துக்கிடுங்க" என்று ஓட்டுநர் சொன்ன அன்று குறுக்கே நூல் பிடித்துப் பார்த்தேன். நூலுக்கும் கல்லுக்கும் நடுவே நான்கு விரல் நுழைந்தது. கல்லைப் பெயர்த்தால், கீழே மணல் என்று தனியாக எதுவும் இல்லை. களிமண் மேலேறி அதனோடு குழைந்து, பிசைந்த மாவு போலக் கிடந்தது.

பத்துச் சக்கர லாரியின் பின்பக்க இரட்டை அச்சுக்கு, 2018 ஜூலையில் உயர்த்தப்பட்ட சட்ட வரம்பு 21 டன். எட்டு டயர்களில் பிரிந்தாலும் ஒரு டயருக்கு இரண்டரை டன்னுக்கு மேல் வருகிறது. அவ்வளவும் விரித்து வைத்த இரண்டு கைகளின் அளவேயுள்ள பரப்பில் இறங்குகிறது. சாலை வடிவமைப்பவர்கள் வண்டியின் மொத்த எடையைவிட அச்சுக்கு வரும் எடையையே பெரிதாகப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் சாலைக்கான விதிகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் ஏறத்தாழ 8.16 டன் சுமக்கும் ஓர் அச்சை அளவுகோலாக வைத்து, சாலையின் ஆயுளில் அப்படிப்பட்ட அச்சுகள் எத்தனை கடக்கும் என்று எண்ணி, அதற்கேற்பவே அடுக்குகளின் கனத்தைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சோதனைத் தடங்களில் லாரிகளை ஓட்டிப் பார்த்ததில், அச்சு எடை இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்று தெரிந்தது. ஐந்தில் ஒரு பங்கு பாரத்தைக் கூட்டினாலே சேதம் இரட்டிப்பாகிவிடும். இன்னும் பத்து மூட்டை போடு என்று ஏற்றச் சொல்கிறவர்களில் நானும் ஒருவன் என்பதால், இந்தக் கணக்கு எனக்குச் சற்றுக் கசக்கத்தான் செய்தது.

இரண்டாவதாகப் பாளையங்கோட்டையிலிருந்து வந்த குழு கல்லின் நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நாளைக்கு எத்தனை லாரி, எங்கே திரும்பும், மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டது. மண்ணை எடுத்துப்போய், நான்கு நாள் நீரில் ஊறிய நிலையில் அதன் தாங்குதிறனைச் சோதித்தார்கள். பிறகு இரண்டு அடி தோண்டி, கிராவலும் ஜல்லியும் கலந்த கலவையை இரண்டு தட்டாகப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி, அதன்மேல் வெட்மிக்ஸ், அதாவது தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லியும் கல்தூளும், போட்டார்கள். சக்கரத்தின் அழுத்தம் ஒவ்வோர் அடுக்கைத் தாண்டும்போதும் அகலமாகப் பரவி, களிமண்ணைத் தொடும்போது அது பொறுக்கும் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அப்படிப் பரவ முந்தைய தளத்தில் ஆழமே இல்லை. கல் 100 மில்லிமீட்டர் கனம், கான்கிரீட்டின் வலிமை எம்-50 தரம். 2006இல் வந்த ஐ.எஸ். 15658 என்னும் இந்தியத் தரநிலை கனரகப் போக்குவரத்துக்குச் சொன்ன அளவு. லாரி திரும்பும்போது கல் நகராதபடி மீன்முள் போலக் கோத்து, ஓரத்தைக் கான்கிரீட்டால் கட்டிவிட்டார்கள்.

குறைகளும் உண்டு. செலவு முதல் வேலையைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றே குறைவு. ஆறு நாள் என்று சொன்ன வேலை பதினைந்து நாள் இழுத்ததில், பிசானப் பருவ நெல் லாரிகள் சாலையோரம் காத்துக் கிடந்தன. கார் மட்டும் வந்துபோகும் வீடுகளுக்கு இந்தக் கனமும் இந்தச் செலவும் வீண். 60 மில்லிமீட்டர் கல்லே போதும்.

இரண்டு பிசானம் கடந்த பின் அதே இடத்தில் மறுபடி நூல் பிடித்தேன், விரல் நுழையவில்லை. எடைமேடையின் சுவரை ஒட்டிய இரண்டடி மட்டும் ரோலர் போக முடியாமல் கைக் கம்பாக்டரால் தட்டப்பட்டது. அங்கே ஒரு விரல் இறங்கியிருக்கிறது. தை பிறந்ததும் வந்து பெயர்த்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.